அரியமானில் நிற்கிறோம், வேன் ஏசி நின்று நின்று போகிறது, கூட நாய் இருக்கிறது

வணக்கம். உச்சிப்புளி பக்கம் அரியமானில் சவுக்கு நிழலில் வேனை நிறுத்தியிருக்கிறோம். 2017 மாடல், உள்ளே படுக்கை, அடுப்பெல்லாம் வைத்து மாற்றியது, கூரையில் 12 வோல்ட் ஏசி, 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. போன வாரம் தனுஷ்கோடி போய் வந்ததிலிருந்து எஞ்சினை அணைத்துவிட்டு ஏசி போட்டால் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி, 'லோ வோல்டேஜ்' காட்டி நின்றுவிடுகிறது. எஞ்சின் ஓடினால் பிரச்சினையே இல்லை.

கூட இருப்பவன் சிப்பிப்பாறை. மதியம் மணலில் நிற்க முடியாமல் ஒவ்வொரு பாதமாகத் தூக்கித் தூக்கி வைக்கிறான், உள்ளே வந்தால் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கணும், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. இப்போதைக்கு ஈரத்துணியும் ஃபேனும்தான்.

உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சை பூத்திருந்தது, சுரண்டி வாசலின் தடவினேன். ஃபியூஸ் மாற்றியாச்சு. ராமநாதபுரத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் எர்த் வயரையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அப்புறமும் அதேதான். ஏசி ஓடும்போது மீட்டர் வைத்தால் பேட்டரியில் 13, ஏசி முனையில் 10.8.

கூரை வரை போகும் பாசிட்டிவ் வயர் முழுவதையும் உருவாமல், அந்த இரண்டு வோல்ட் எந்த இடத்தில் குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?