குடியாத்தம் ரோட்டோரக் கடையில ஆதார் பணம் எடுப்பு, பணம் அனுப்பறது: எப்படி ஆரம்பிக்கறது, எங்கே மாட்டும்?

கவுண்டன்யா கரை:
குடியாத்தத்துல இருந்து பேரணாம்பட்டு போற ரோட்டுல சின்ன கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ் ஓடுது. ஆதார் வச்சு பணம் எடுக்கறதும் வெளியூருக்கு அனுப்பறதும் சேர்க்கணும். கையில 50,000 இருக்கு. வர்றவங்க பீடி சுத்தற அம்மாக்கள், நூறு நாள் வேலைக்காரங்க, தோல் ஷாப்புல இருக்கற பீகார், ஒடிசா பசங்க. எந்த மிஷின் வாங்கலாம்? பணத்தை எப்படிப் பிரிச்சு வைக்கறது? ரேகை விழலன்னா என்ன வழி?

பாலாற்றுப் பாலம்:
ரேகை மிஷின் எல்1 ரகமா (ரேகைத் தகவலை மிஷினுக்குள்ளயே பாதுகாப்பா பூட்டி அனுப்பற ரகம்) மட்டும் இருக்கட்டும். மந்த்ரா எம்எஃப்எஸ் 110 போதும். செகண்ட்ஸ்ல சல்லிசா வர்ற எல்0ங்கற பழைய ரக மிஷினைத் தொடாதீங்க, அது இப்ப செல்லாது. ஆர்டி சர்வீஸ் (மிஷினை ஆதார் சர்வரோட இணைக்கற சந்தா) எந்தத் தேதி வரைக்கும்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. அது முடிஞ்சுட்டா மிஷின் நல்லா இருந்தாலும் ரேகை போகாது.

பணத்தைப் பிரிக்கறதுலதான் இந்தத் தொழிலே இருக்கு. ஆதார்ல ஒருத்தர் 1,000 எடுத்தா கல்லாவுல 1,000 குறையும், வாலட்ல (சேவை தர்ற கம்பெனியில உங்க பேர்ல இருக்கற டிஜிட்டல் இருப்பு) 1,000 ஏறும். ஒருத்தர் ஊருக்கு 5,000 அனுப்பினா கல்லா ஏறும், வாலட் இறங்கும். ரெண்டு கூட்டமும் ஒரே நாள்ல வந்தா பேங்குக்கே ஓட வேண்டாம். ஆனா அப்படி வராது. மகளிர் உரிமைத் தொகை 15ஆம் தேதியை ஒட்டி விழும். அன்னிக்கு வாலட் நிரம்பி வழியும், கல்லாவுல நோட்டு இருக்காது. அதனால முந்தின நாளே 30,000 வரைக்கும் கல்லாவுல வைங்க, பாதியாவது 100, 200 நோட்டா. தோல் ஷாப்புல சம்பளம் போடற வாரம் இதுக்கு நேர் எதிர். அப்ப வாலட்ல 30,000 இருக்கணும். மீதியை கரண்ட் அக்கவுண்ட்ல விட்டு வைங்க.

ரொக்கமா வாங்கி அனுப்பறதுக்கு ஒரு தடவைக்கு 5,000, மாசத்துக்கு 25,000தான் வரம்பு. 2024 நவம்பர் 1ல இருந்து அனுப்பறவரோட அடையாள அட்டையும் போன் நம்பரும் பதியணும், ஒவ்வொரு தடவையும் ஓடிபி மாதிரி சரிபார்ப்பு வேணும். சிம்மை ஊர்ல விட்டுட்டு வந்த பையனுக்கு இது ஓடாது, முதல்லயே கேட்டுடுங்க.

மோர்தானா:
ரேகை விஷயம். பீடி இலை தேய்ச்சுத் தேய்ச்சு கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனி வழவழன்னு ஆகியிருக்கும். எல்லாரும் அந்த ரெண்டையே திரும்பத் திரும்ப அமுக்க வைப்பாங்க. மோதிர விரலை வைக்கச் சொல்லுங்க, இடது கையில ஆரம்பிங்க. வறண்ட விரல்னா ஈரத்துணியில ஒத்தி, தண்ணி நிக்காம துடைச்சுட்டு வைக்கணும். ரொம்ப அழுத்தினா கோடுகள் ஒட்டிப்போகும், லேசா வச்சாலே போதும். மிஷின் கண்ணாடியை ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல மெல்லிசு துணியால துடைங்க.

300னு பிழை வந்தா ரேகை பொருந்தலன்னு அர்த்தம், விரல் மாத்தலாம். 330 வந்தா அவங்க ஆதார்ல ரேகையையே பூட்டி வச்சிருக்காங்க. பத்து விரலும் வச்சாலும் போகாது, பூட்டைத் திறந்துட்டுத்தான் வரணும். ரேகை விழுந்தும் பணம் இல்லன்னு வந்தா, தப்பான பேங்கைத் தேர்ந்திருப்பீங்க. ரெண்டு மூணு பேங்க்ல கணக்கு இருக்கற அம்மாக்களுக்கு உதவித்தொகை எதுல விழுதுன்னே தெரியாது. மைஆதார் தளத்துல பேங்க் சீடிங் நிலையை, அதாவது ஆதார் எந்த பேங்கோட இணைஞ்சிருக்குன்னு, பார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு கெஞ்சிக் கேக்கறேன். திரையை அவங்க பக்கம் திருப்பி, தொகையை வாயால சொல்லிட்டு அப்புறம் விரலை வாங்குங்க. ரசீது கொடுங்க. ஆதார்ல எடுக்கறதுக்கு அவங்ககிட்ட தனியா காசு வாங்கக் கூடாது, உங்க கமிஷன் கம்பெனி கணக்குல வரும். 1,000 ரூபாய்ல 20 பிடிச்சுக்கறது அநியாயம்.

கவுண்டன்யா கரை:
நன்றிங்க. பெண்டிங்னு நின்னா? இன்னொண்ணு, "யுபிஐல போடறேன், கேஷ் குடுங்க"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க.

பாலாற்றுப் பாலம்:
பெண்டிங்னா காசு கொடுக்காதீங்க, மறுபடி ரேகையும் வாங்காதீங்க. மினி ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பாருங்க. கணக்குல கழிஞ்சிருந்தா 12 இலக்க ஆர்ஆர்என் நம்பரோட (அந்தப் பரிவர்த்தனையோட அடையாள எண்) ரசீதைக் கையில கொடுத்து, அஞ்சு நாள்ல திரும்பும்னு சொல்லுங்க. அதுக்கு மேல தாமதமானா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு ரிசர்வ் வங்கி 2019லயே சொல்லியிருக்கு. ஊருக்கு அனுப்பறது பெண்டிங்ல நின்னாலும் ரெண்டாவது தடவை அனுப்பாதீங்க, ரெண்டும் போய்ச் சேர்ந்துடும். அனுப்பறதுக்கு முன்னாடி பேர் சரிபார்ப்பு கட்டாயம். தப்பான கணக்குக்குப் போனா அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காம திரும்பாது.

யுபிஐ வாங்கிட்டு கேஷ் கொடுக்கறது வேண்டவே வேண்டாம். அந்தப் பணம் எங்கேயோ ஒருத்தர்கிட்ட ஏமாத்தினதா இருந்து, அவர் 1930க்கு (சைபர் மோசடி உதவி எண்) புகார் கொடுத்தார்னா, உங்க கணக்கை வேற மாநில போலீஸ் முடக்கச் சொல்லும். கேஷ் வாங்கினவன் போயிட்டிருப்பான். 2,000 ரூபாய்க்காக மொத்த முதலும் மாசக்கணக்கா மாட்டும். கார்டு வச்சிருந்தா மைக்ரோ ஏடிஎம்ல (கடையில வைக்கற சின்ன கார்டு மிஷின்) பின் போட்டு எடுக்கட்டும், இல்லன்னா ஆதார்.

மோர்தானா:
கம்பெனி தர்ற லாகின் ஐடி உங்க பேர்ல, உங்க ரேகையிலதான் ஓடும். ஒவ்வொரு பணம் எடுப்புக்கும் உங்க விரலும் வேணும். நீங்க இல்லாத நேரத்துல ஜெராக்ஸ் மட்டும் ஓடட்டும், வேற யாருக்கும் லாகின் கொடுக்காதீங்க. மூணு மாசம் தொடர்ந்து ஓட்டாம விட்டா கேஒய்சி மறுபடி பண்ணணும், 2026 ஜனவரியில இருந்து அதுதான் விதி.