புதுப்பிப்பு: கிம்ப் லேயர் மாஸ்க்கில் வந்த பட்டை பட்டையான கோடுகள் போயாச்சு

படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளில், லேயர் மாஸ்க் (படத்தின் ஓர் அடுக்கில் எது தெரியணும், எது மறையணும் என்பதைக் கறுப்பு வெள்ளையால் குறிக்கும் திரை) போட்டு படத்தின் வலது பாதியைப் படிப்படியாகக் கரைத்தால் கோடு கோடாகத் தெரிகிறது, ஏன் என்பதுதான் கேள்வி. காரணம் எளிது: 8 பிட் மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். 3000 பிக்சல் அகலத்துக்கு கிரேடியன்ட் (கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் சாயல்) இழுத்தால் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 12 பிக்சல். வானம் மாதிரி வெறுமையான இடத்தில் அது கண்ணில் படும்.

முதலில் இமேஜ் மெனுவில் பிரிசிஷனை (நிறப் படிகளின் நுணுக்கத்தை) 16 பிட் ஆக்குங்கள். பிறகு கிரேடியன்ட் கருவியில் டிதரிங்கை (படிகளின் எல்லையில் புள்ளிகளைக் கலந்து கோட்டை மறைக்கும் வசதி) டிக் செய்து, மாஸ்க்கில் புதிதாக இழுங்கள். பழைய கிரேடியன்ட்டை அப்படியே வைத்து பிரிசிஷனை மட்டும் மாற்றினால் பட்டை போகாது.

மாஸ்க்குக்குப் பதில் படத்தின் மேலேயே கறுப்பு விழுந்தால், லேயர் பேனலில் மாஸ்க் சிறுபடத்தைச் சொடுக்காமல் விட்டிருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். அந்தச் சிறுபடத்தை ஆல்ட் அழுத்திச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் தெரியும்.

சேமிக்கும்போது பிஎன்ஜி. ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை நிற்காது.