நொட்டேஷன் என்பதற்குக் ‘குறிப்புமுறை’: பாதுகாப்பு ஒப்பந்தங்களின் கட்டமைப்பு வரைபடங்களை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் அமைப்பின் பகுதிகளும் செயல்களும் எப்படி இணைகின்றன என்று காட்டும் கட்டமைப்பு வரைபடங்களைப் பற்றி எழுதும்போது, ‘நொட்டேஷன்’ (அவற்றை வரையும் அல்லது எழுதும் முறை) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்குக் குறியீடு, குறிமுறை, வரைமொழி என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அதற்கான காரணத்தைப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தப் பணிகளிலிருந்தே எடுத்துக்காட்ட விரும்புகிறேன். எதை வரைவது என்ற கேள்வியையும் எந்த முறையில் வரைவது என்ற கேள்வியையும் ஒன்றாகக் குழப்பினால் அதன் விளைவு உடனே தெரியும் துறை அது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கட்டமைப்புச் சட்டகமான டோடாஃப், 2003இல் முதல் பதிப்பாகவும் 2009இல் இரண்டாம் பதிப்பாகவும் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு எட்டு நோக்குநிலைகளின் (வியூபாயிண்ட்) கீழ் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை (மாடல்) வரையறுக்கிறது. ஆனால் அவற்றை இன்ன நொட்டேஷனில்தான் வரைய வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஓவி எனச் சுருக்கப்படும் செயற்பாட்டு நோக்குநிலையில் உள்ள ஓவி-5பி என்ற மாதிரி, செயற்பாடுகளையும் அவற்றுக்கிடையே செல்பவற்றையும் காட்ட வேண்டும். அதைச் செயல்களைப் பெட்டிகளாகக் காட்டும் ஐடெஃப்-0இல் வரைவதா, பணி நடைமுறைகளுக்கான பிபிஎம்என்இல் வரைவதா, அமைப்புப் பொறியியலுக்கான மாதிரியாக்க மொழியான சிஸ்எம்எல்லின் செயற்பாட்டு வரைபடமாகத் தருவதா என்பது பணியில் இருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டியது. ஒப்பந்தத்தின் ஒப்படைப்புப் பட்டியலில் ‘ஓவி-5பி’ என்று மட்டும் எழுதியிருந்தால், முதன்மை ஒப்பந்ததாரர் சிஸ்எம்எல்லிலும் துணை ஒப்பந்ததாரர் ஐடெஃப்-0இலும் தரலாம். இருவருமே ஒப்பந்தத்தை மீறியவர்கள் ஆகமாட்டார்கள். அவதி, இரண்டையும் இணைக்க வேண்டியவருக்குத்தான். (ஓவி-1 மட்டும் விதிவிலக்கு, கப்பல், விமானம், செயற்கைக்கோள் ஆகியவற்றை மின்னல் கோடுகளால் இணைத்துக் காட்டும் அந்தப் படத்துக்கு நொட்டேஷன் என்று எதுவும் இல்லை, தேவையும் இல்லை.)

இனிச் சொற்களுக்கு வருகிறேன். பள்ளிக் கணக்குப் பாடத்தில் ‘அறிவியல் குறியீடு’ என்று வழங்குவதால் குறியீடு என்பது பலருக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆயினும் குறியீடு என்றதும் ஒரு பெட்டி, ஓர் அம்பு, ஒரு வட்டம் என்று தனித்தனி அடையாளம்தான் நினைவுக்கு வருகிறது. நொட்டேஷன் என்பதோ அந்த அடையாளங்களின் தொகுதியோடு நிற்பதில்லை. எது எதனோடு, எந்த இடத்தில் சேரலாம், சேர்ந்தால் என்ன பொருள் தரும் என்ற விதிகளும் அதில் அடங்கும்.

ஐடெஃப்-0ஐயே பாருங்கள். அமெரிக்க விமானப்படையின் திட்டமொன்றில் 1970களில் உருவாகி, 1993இல் அந்நாட்டு அரசின் தகவல் செயலாக்கத் தரமாக வெளியான முறை இது. ‘இலக்கை அடையாளம் காணல்’ என்று ஒரு பெட்டி இருப்பதாகக் கொள்வோம். ராடார் பதிவு இடப்பக்கத்திலிருந்து உள்ளீடாக நுழையும். அடையாளம் காணப்பட்ட இலக்கு வலப்பக்கம் வெளியீடாகப் போகும். படையைப் பயன்படுத்துவதற்கான விதிகள் மேலிருந்து கட்டுப்பாடாக (கண்ட்ரோல்) இறங்கும். செயலை நிறைவேற்றும் இயக்குநரும் கருவியும் கீழிருந்து வந்து சேர்வர். நான்குமே ஒரே வகை அம்புகள். பெட்டியின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. இதைக் ‘குறியீடு’ என்ற சொல் தாங்காது.

இதே படத்தைச் சிஸ்எம்எல் செயற்பாட்டு வரைபடமாக மாற்றும்போது, மேலிருந்து இறங்கிய அம்புக்கு நேரான இடம் அங்கே கிடைப்பதில்லை. அவசரத்தில் அதையும் உள்ளீட்டுப் பாய்வாக இணைத்துவிட்டால், விதிகளும் ராடார் பதிவைப் போலவே செயலுக்குள் சென்று மாற்றம் பெறும் பொருளாகத் தோன்றும். சிஸ்எம்எல்லிலும் ‘கண்ட்ரோல் ஃப்ளோ’ இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தினால் பிழை இன்னும் பெரிதாகும். அது எந்தச் செயல் முடிந்தபின் எது தொடங்கும் என்ற வரிசையைக் காட்டுவது, ஐடெஃப்-0இன் கட்டுப்பாட்டு அம்போ வரிசையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எனவே ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் இரண்டையும் ‘கட்டுப்பாடு’ என்று எழுத வேண்டியதில்லை. ஐடெஃப்-0க்குக் ‘கட்டுப்பாடு’ இருக்கட்டும். சிஸ்எம்எல்லுக்கு ‘வரிசைப் பாய்வு’ என்பேன். பிபிஎம்என்இல் ஏறத்தாழ இதே பொருளில் வருவதற்கு மூலப்பெயரே ‘சீக்வென்ஸ் ஃப்ளோ’ என்பதால், அங்கும் இச்சொல் பொருந்தும்.

குறிமுறை என்பது யூனிகோட் போன்ற எழுத்துக் குறியேற்றங்களோடு ஏற்கெனவே ஒட்டிவிட்டது. அதை இங்கும் இழுத்துவர வேண்டாம்.

வரைமொழி அழகான சொல்தான். ஆனால் 2025இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு ஏற்றுக்கொண்ட சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பில் வரைபட நொட்டேஷனோடு எழுத்துவடிவ நொட்டேஷனும் இருக்கிறது. ஒரே மாதிரியைப் பெட்டிகளாகவும் காட்டலாம், வரிகளாகவும் எழுதலாம். ‘எழுத்துவடிவ வரைமொழி’ என்று சொன்னால் முரணாக ஒலிக்கும். மேலும் மொழி வேறு, அதன் நொட்டேஷன் வேறு. மென்பொருளுக்கான மாதிரியாக்க மொழியான யூஎம்எல்லின் வரையறையிலேயே கருத்துருக்களின் இலக்கணம் தனியாகவும் அவை கண்ணுக்குத் தெரியும் வடிவம் தனியாகவும் சொல்லப்பட்டுள்ளன. டோடாஃபுக்கும் நேட்டோவின் சட்டகத்துக்கும் பொதுவாகப் பயன்படும் யூஏஎஃப் என்ற சட்டகம், 2022இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது; அதிலும் கருத்துருக்களின் அடிப்படை ஒரு நூலாகவும், சிஸ்எம்எல் மீது கட்டப்பட்ட மாதிரியாக்க மொழி இன்னொரு நூலாகவும் பிரிந்தே உள்ளன. மொழி என்ற சொல்லை மாதிரியாக்க மொழிகளுக்கே விட்டுவைப்பது நல்லது.

ஆகவே என் பரிந்துரை ‘குறிப்புமுறை’. ‘சுரக்குறிப்பு’ என்று இசையில் வழங்கும் சொல்லில் இப்பொருள் முன்பே இருக்கிறது. ‘முறை’ என்பது விதிகளையும் உள்ளடக்கிவிடுகிறது. வரைபடக் குறிப்புமுறை, உரைக் குறிப்புமுறை என்று இருபுறமும் தடையின்றிச் சேர்கிறது. “ஓவி-5பி, சிஸ்எம்எல் குறிப்புமுறையில், பரிமாறத்தக்க மாதிரிக் கோப்பாக ஒப்படைக்கப்பட வேண்டும்” என்று ஓர் ஒப்பந்த வரியை எழுதிப் பார்த்தேன். சட்டம் படித்தவரும் பொறியாளரும் ஒரே பொருளில் புரிந்துகொள்வார்கள் என்றே நினைக்கிறேன். குறிப்பு என்பது சிறுகுறிப்பையும் நினைவூட்டும் என்ற மறுப்பு எழலாம். ‘முறை’யோடு சேர்ந்தபின் அந்த மயக்கம் பெரிதாக இருக்காது.

இதை ஒட்டி இன்னொன்று. வியூபாயிண்ட் என்பதை நோக்குநிலை என்றும் வியூ என்பதைக் காட்சி என்றும் பிரித்தே எழுத வேண்டும். டோடாஃபின் முந்தைய பதிப்புகளில் ஓவி என்பது செயற்பாட்டுக் ‘காட்சி’. இரண்டாம் பதிப்பில் அது செயற்பாட்டு ‘நோக்குநிலை’ ஆயிற்று, ஆனால் சுருக்கம் மாறவில்லை. புதிய கணக்கில் மாதிரி என்பது வெறும் வார்ப்புரு. தரவு நிரம்பியபின்தான் அது காட்சி. பழைய ஒப்பந்தத்தையும் புதிய ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு.

ஓவி, எஸ்வி (அமைப்புகளுக்கான நோக்குநிலை) முதலிய சுருக்கங்களைத் தமிழாக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. அவை ஒப்பந்தங்களில் சொற்களாக அல்ல, அடையாள எண்களாகவே வழங்குகின்றன. ‘மாடல்’ என்பதற்கு ‘மாதிரி’ போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு; சாம்பிள் என்ற பொருளும் அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் முன்வைத்தால், அதையும் இதே முறையில் ஒரு ஒப்பந்த வரியில் பொருத்திப் பார்த்துவிடலாம்.