மொராடின் க்ளெரிக்: காசை உருக்கி பிளேட் கவசம் செய்யலாமா?

பெரம்பூர்_பகடை:
வணக்கம். பெரம்பூர்ல நாங்க ஆடுற டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) மேஜைக்கு (ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள்) மவுண்டன் ட்வார்ஃப் (குள்ளர் இனத்துல ஒரு பிரிவு) க்ளெரிக் (தெய்வ அருளால மந்திரம் போடுற பாத்திரம்) ஒண்ணு தயார் பண்றேன், லெவல் 1. தெய்வம் மொராடின் (ட்வார்ஃபுகளோட படைப்புக் கடவுள்). விதிநூல்ல அவருக்கு நாலெட்ஜ் (அறிவு) டொமைன்தான் இருக்கு, அதாவது க்ளெரிக்குக் கிடைக்கற சக்திகளைத் தீர்மானிக்கற துறை. ஃபோர்ஜ் (உலைக்களம்) டொமைன் எடுக்கலாமா? அதுல ஆர்டிசன்ஸ் பிளெஸிங் (உலோகத்தை வெச்சுப் பொருள் உண்டாக்கற சடங்கு) வந்ததும் காசை உருக்கி பிளேட் கவசம் பண்ணிக்க முடியுமா? உலைக்களக் காட்சியை எப்படி விவரிக்கறது?

வண்ணை_சம்மட்டி:
ஃபோர்ஜ் டொமைன் 2017ல தனி நூல்ல வந்தது, அதான் பழைய பட்டியல்ல இல்ல. சுத்தியலும் பட்டடைக்கல்லும் சின்னமா வெச்சிருக்கிற தெய்வத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) கிட்ட சொல்லி எடுத்துடுங்க.

ஆனா மவுண்டனை விட்டுட்டு ஹில் ட்வார்ஃப் போங்க. கனமான கவசப் பயிற்சியை ஃபோர்ஜே தருது, மவுண்டன் தர்ற கவசப் பயிற்சி வீணாகும். ஹில்லுக்கு விஸ்டம் (க்ளெரிக் மந்திரத்துக்கு வேண்டிய ஞானம்) +1, ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) கூடுதல். செயின் மெயில் (சங்கிலி வளையக் கவசம்) 13 ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) கேட்கும். குறைஞ்சாலும் ட்வார்ஃபுக்கு வேகம் 25 அடியிலிருந்து இறங்காது. செயின் மெயில் 16, கேடயம் 2, பிளெஸிங் ஆஃப் த ஃபோர்ஜ் (ஃபோர்ஜோட லெவல் 1 சக்தி, ஒரு பொருளுக்கு மந்திரம் ஏத்தும்) 1, ஆக ஏசி (எதிரியோட அடியைத் தடுக்கற எண்) 19. லெவல் 6ல இன்னொரு 1 ஏறும்.

பிளெஸிங் ஆஃப் த ஃபோர்ஜைக் கேடயத்துக்குக் கொடுக்க முடியாது. கவசம் இல்லேன்னா ஆயுதம், அதுவும் மந்திரம் ஏறாததா இருக்கணும்.

ராயபுரம்_துருத்தி:
பிளேட் முடியாது. அது 1,500 பொற்காசு, ஆர்டிசன்ஸ் பிளெஸிங் உச்சவரம்பு 100. 75 பொற்காசு செயின் மெயில் வரைக்கும் சரி. சடங்கு ஒரு மணி நேரம். செய்யப்போற பொருளோட விலைக்குச் சமமான உலோகத்தை முன்னால வைக்கணும், அது திரும்பக் கிடைக்காது. நிறைய பேர் தடுமாறுறது இங்கதான்: உலோகம்னா இரும்பும் சேரும்னு பழைய இரும்பைச் சுமப்பாங்க. விலைப்பட்டியல்ல ஒரு பவுண்டு இரும்பு ஒரு வெள்ளிக்காசுதான், செயின் மெயிலுக்கு 750 பவுண்டு தேவைப்படும். பொற்காசா வெச்சா ஒன்றரை பவுண்டுல முடிஞ்சுது.

ஃபோர்ஜ் தர்ற மந்திரங்கள்ல ஹீட் மெட்டல், சீரிங் ஸ்மைட், மேஜிக் வெப்பன் மூணுக்குமே கான்சன்ட்ரேஷன் (மனக்குவிப்பு) வேணும். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு போட்டா முதலாவது அணைஞ்சிடும். பிளெஸிங் ஆஃப் த ஃபோர்ஜுக்கு அந்தத் தொல்லை இல்ல, அடுத்த லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடியற வரைக்கும் நிக்கும்.

வண்ணை_சம்மட்டி:
காட்சிக்கு: வெறும் நெருப்பைச் சொல்லாதீங்க, இரும்போட நிறத்தைச் சொல்லுங்க. ஆரஞ்சு, மஞ்சள்ல இருக்கும்போது அடி. மங்கல் சிவப்புக்குக் கீழ அடிச்சா விரிசல் விடும். வெள்ளையாகிப் பொறி சிதறினா எஃகு எரியுது, அந்தத் துண்டு போச்சு. காந்தம் ஒட்டாத சூட்டுல (சுமார் 770 டிகிரி செல்சியஸ்) தோய்ச்சல், அதாவது சட்டுனு முக்கிக் குளிரவைக்கறது. தோய்ச்சதை அப்படியே கையில கொடுத்தா முதல் அடியிலயே நொறுங்கும். தேய்ச்சுப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும் மறுபடி இளஞ்சூடு காட்டணும். கதைப்படி மொராடின் ட்வார்ஃபுகளையே உலோகத்துலயும் ரத்தினத்துலயும் வடிச்சு, மூச்சு ஊதி உயிர் கொடுத்தவர். அதனால அந்தக் கடைசி இளஞ்சூட்டுல உங்க க்ளெரிக் வேண்டிக்கறது ரொம்பப் பொருந்தும். தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில் விஸ்வகர்மா சமூகத்தாரோடது. கைவினைக்காரங்க வழிபாட்டை நேர்ல பார்க்க அங்க போங்க. ஆனா அந்தச் சடங்கை அப்படியே தூக்கி மொராடினுக்கு வைக்காதீங்க, அவருக்குன்னு தனி உலகம் இருக்கு.

பெரம்பூர்_பகடை:
ஹில் ட்வார்ஃபே எடுக்கறேன். ஆர்டிசன்ஸ் பிளெஸிங்ல சாவிக்கு நகல் எடுக்க முடியுமா?

ராயபுரம்_துருத்தி:
முடியும். சடங்கு நடக்கற ஒரு மணி நேரமும் அசல் சாவி உங்க கைவசம் இருக்கணும். மந்திரச் சாவின்னா நடக்காது.