கல்லட்டி இறங்கினவங்களுக்கு ஒன்டாரியோ குளிர்கால ஹைவே: கிளம்பும் முன் படிங்க

லீவுக்கு கோத்தகிரி வந்திருக்கேன். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துக்குக் கிளம்புற பசங்க பார்க்கும்போதெல்லாம் சொல்றது இதுதான்: "அண்ணா, ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதையில 36 கொண்டை ஊசி வளைவு இறங்கியிருக்கோம், அங்க இருக்கிற நேர் ரோடெல்லாம் ஒரு விஷயமா?" ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு இங்கேயே எழுதிடறேன்.

நம்ம மலையில ஆபத்து இருக்கிற இடம் தெரியும். வளைவுக்கு நம்பர் போட்டு போர்டு வச்சிருக்காங்க. மழைக்காலத்துல பர்லியாறுக்கு மேல எங்க மண் சரியும்னு பஸ் டிரைவரைக் கேட்டாலே சொல்லிடுவார். ஒன்டாரியோ ஹைவேயில ஆபத்து எந்த நேரம் வரும்னுதான் பார்க்கணும். காலையில சும்மா போன அதே ரோடு ராத்திரி கண்ணாடி மாதிரி ஆயிடும்.

தலைகுந்தாவுல உறைபனி புல்லு மேல வெள்ளையா தெரியும். ரோட்டு மேல மெல்லிசா படியற பிளாக் ஐஸுக்கு நிறமே கிடையாது, அடியில இருக்கிற தார்தான் தெரியும். பார்த்தா ஈரம்னு நினைப்பீங்க. ரோடு பளபளன்னு இருக்கு, ஆனா முன்னாடி போற வண்டியோட டயர்ல இருந்து தண்ணி தெறிக்கலைன்னா சந்தேகப்படுங்க. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க, பிரேக்கை அழுத்தாதீங்க. பாலங்கள்ல இது முதல்ல பிடிக்கும், ஏன்னா அங்க கீழயும் குளிர்காத்து அடிக்கும், மண்ணோட சூடு கிடைக்காது. நம்ம கை தானா செய்ற இன்னொரு வேலை, இறக்கத்துல சட்டுனு கியரைக் குறைக்கிறது. ஐஸ் மேல அப்படிப் பண்ணினா சக்கரம் பிடிப்பை விட்டு வண்டி சுத்திடும். இறக்கம் வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க.

ரோட்டைப் பராமரிக்கிறவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு தெரிஞ்சா பாதி முடிவு சுலபம். அவங்க காத்தோட வெப்பநிலையை மட்டும் பார்க்கிறதில்ல, தாரோட வெப்பநிலையையும் பார்ப்பாங்க. அதுக்கு ரோட்டுக்குள்ளயே சென்சார் பதிச்சிருக்கு. பனி விழறதுக்கு முன்னாடியே சுமார் 23 சதவீத உப்புக் கரைசலைத் தெளிப்பாங்க. ரோட்டுல நீளநீளமா வெள்ளைக் கோடு காய்ஞ்சிருந்தா அதுதான். அந்தக் கரைசல் உறைய மைனஸ் 21 ஆகணும்னு பாடப்புத்தகம் சொல்லும். ரோட்டுல கதை வேற. தார் மைனஸ் 10, 12-க்குக் கீழ போச்சுன்னா உப்பு ரொம்ப மெதுவாத்தான் வேலை செய்யும். இன்னும் குளிர்ந்தா மணல்தான். மணல் ஐஸை உருக்காது, டயருக்குப் பிடிப்பு மட்டும் தரும். அதனால மைனஸ் 20-ல "உப்பு போட்டாச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பிக் கிளம்பாதீங்க.

வீடு பார்க்கும்போதே இதையும் கேளுங்க: வேலைக்குப் போற ரோடு குளிர்காலப் பராமரிப்புல எந்த வகுப்பு? மாகாண ஹைவேயில முதல் வகுப்புன்னா புயல் நின்ன 8 மணி நேரத்துக்குள்ள தார் தெரியணும்னு இலக்கு. இரண்டாம் வகுப்புக்கு 16, மூணாவதுக்கு 24. கடைசி வகுப்புல பனி இறுகியே கிடக்கும், அதுதான் அங்க தரம். கணக்கு ஆரம்பிக்கிறது புயல் நின்ன பிறகுங்கிறதைக் கவனிங்க. வாடகை குறைவுன்னு சின்ன ஊர்ல வீடு எடுத்துட்டு நைட் ஷிப்டுக்குப் போறவங்க மாட்டிக்கிறது இங்கதான். (2009-ல பனி அகற்றுற வேலைக்குப் புது மாதிரி ஒப்பந்தம் வந்து, குறைஞ்ச டெண்டருக்கே கொடுத்து, சேவை சரிஞ்சதுன்னு மாகாணத் தணிக்கை அதிகாரி 2015-ல அறிக்கை போட்டார். டெண்டர் கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.)

நீல விளக்கு மின்ன, ரெண்டு மூணு ஸ்னோபிளவ் (பனியைத் தள்ளுற லாரி) படிக்கட்டு மாதிரி தள்ளித்தள்ளிப் போகும். நடுவுல புகுந்து முந்தாதீங்க. பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்கிற பிளேடு, கிளம்புற பனித்தூள்ல தெரியாது. அதுக்குப் பின்னாடி இருக்கிற ரோடுதான் இருக்கிறதுலயே நல்ல ரோடு.

டயர் விஷயம் சுருக்கமா: 7 டிகிரிக்குக் கீழ போனா விண்டர் டயர். பக்கத்து மாகாணம் கியூபெக்ல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்டாரியோவுல கட்டாயம் இல்ல, ஆனா போட்டிருந்தா 2016-ல இருந்து இன்சூரன்ஸ்ல தள்ளுபடி தரணும், கேட்டு வாங்குங்க. கிளம்பும் முன்னாடி 511 பாருங்க, ரோடு நிலவரம் சொல்ற மாகாண சேவை அது. போலீஸ் மூடின ரோட்டுல போனா குற்றம்.

பனியில மாட்டிக்கிட்டா ஹீட்டர் போடறதுக்கு முன்னாடி இறங்கி, சைலன்சர் குழாய் வாயை அடைச்சிருக்கிற பனியைத் தள்ளுங்க. அடைச்சிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், வாசனையே தெரியாது. ஒரு சின்ன மண்வெட்டியும் கம்பளியும் டிக்கியிலயே கிடக்கட்டும்.

ஸ்னோபிளவ் ஓட்டுற வேலைக்கு என்ன வேணும்னு குன்னூர் தம்பி ஒருத்தர் கேட்டார்: பொதுவா டிஇசட் லைசென்ஸ் (ஏர் பிரேக் உள்ள கனரக லாரி ஓட்டுறதுக்கானது) கேப்பாங்க. சீசன் வேலை, நடுராத்திரி கூப்பிட்டாலும் போகணும். முதல் குளிர்காலம் உங்க சொந்த வண்டியை ஓட்டிப் பழகிட்டு, அடுத்த வருஷம் விண்ணப்பம் போடுங்க.