எலிக்குப் பலித்த விட்டமின் சி மனிதருக்கு ஏன் பலிக்கவில்லை? விளக்குங்கள்

உறவுகளே, வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு சார்கோட்-மேரி-டூத் 1ஏ என்னும் பரம்பரை நரம்பு நோய். உப்புவெளி மணலில் நடக்கும்போது செருப்பு கழன்றதுகூட அவன் காலுக்குத் தெரிவதில்லை.

17ஆம் குரோமோசோமில் உள்ள பிஎம்பி22 மரபணு ஒரு பிரதி கூடுதலாக இருப்பதே காரணம். நரம்பின் மயலின் உறை பழுதாகிறது. அந்த மனித மரபணுவைப் புகுத்திய சுண்டெலிகளுக்கு விட்டமின் சி கொடுத்தபோது நடை தேறியது, ஆயுளும் நீண்டது என்று 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னர் மனிதரிடம் நடந்த சோதனைகளில் பலனில்லை. சொன்னால் சித்தப்பா கேட்டால்தானே! மாத்திரைப் போத்தலோடு வந்து நிற்கிறார்.

நரம்பியலோ மரபியலோ படித்தவர்கள் விளக்குவீர்களா? எலி தன் உடலிலேயே விட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், நம்மால் முடியாது. அப்படியானால் நமக்கல்லவா கூடுதலாகப் பலித்திருக்க வேண்டும்? எலிக்குக் கொடுத்த அளவுதான் வித்தியாசமா, நம் கால் நரம்பின் நீளமா?

இன்னொன்று. பாதம் தொங்காமல் தாங்கும் கணுக்கால் பட்டையை அளவெடுத்துச் செய்பவர்கள் இங்கோ மட்டக்களப்பிலோ இருந்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கொழும்பு இரவு ரயிலில் அவனை ஏற்றி இறக்குவது பெரும்பாடாக இருக்கிறது.