கலைச்சொல்: கைக்குழந்தையின் தட்டைத் தலைக்கு ‘தலையமுங்கல்’ பொருந்துமா?

வணக்கம்.

புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஃபிளாட் ஹெட் சிண்ட்ரோம்’ என்ற இடத்துக்கு வந்து நான்கு நாளாக நிற்கிறேன். போன மடல்களில் நீங்கள் தந்த ‘தட்டைத்தலை நோய்த்தொகை’, ‘கோணத்தலை’, ‘சாய்தலை’ மூன்றையும் வரிகளுக்குள் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்றுமே பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்தது போல ஒலிக்கின்றன. ‘உங்கள் குழந்தைக்குக் கோணத்தலை’ என்று ஒரு தாயிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவப் பெயரான பிளேஜியோசெஃபலிக்குக் கிரேக்கத்தில் ‘சாய்ந்த தலை’ என்றுதான் பொருள். அதற்காக நாமும் அந்த வழியிலேயே போக வேண்டும் என்பதில்லை.

‘நோய்த்தொகை’யை முதலில் விட்டுவிடலாம். பல அறிகுறிகள் சேர்ந்து வருவதற்கான சொல் அது. இங்கே நடப்பது ஒன்றுதான். பிறந்த குழந்தையின் மண்டையோடு தனித்தனித் தகடுகளாக, இடையில் நெகிழும் பொருத்துகளோடு இருக்கிறது. முதல் வருடம் மூளை வேகமாக வளர்ந்து அந்தத் தகடுகளை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. மெத்தையில் அழுந்தியிருக்கும் பக்கம் வளர இடமில்லாமல் தட்டையாகிறது, இடம் கிடைத்த பக்கம் புடைக்கிறது.

என் மகளுக்கு மூன்றாம் மாதத்தில் இது வந்தது. குளிப்பாட்டித் துவட்டிவிட்டு, முதுகு என் மார்பில் சாய மடியில் பிடித்துக்கொண்டு உச்சியிலிருந்து கீழே பார்த்தேன். வலது பின்மண்டை சப்பென்று இருந்தது. வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. நெற்றியும் வலப்பக்கம் லேசாகத் துருத்தியிருந்தது. முகத்துக்கு நேரே பார்த்தால் எதுவும் தெரியாது, மேலிருந்து பார்த்தால்தான் சாய்சதுரம் போலத் தெரியும். தொட்டிலுக்கு இடப்பக்கம் வெறும் சுவர், வலப்பக்கம் ஜன்னல். அவள் எந்நேரமும் ஜன்னலைப் பார்த்தே கிடந்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்த சித்தி குழந்தையை வாங்கித் தலையைத் தடவிவிட்டு, “ஒரு பக்கம் அமுங்கியிருக்கேடி” என்றார்.

நான் தேடுகிற சொல் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. அமுங்கு, அமுங்கல். ‘தலையமுங்கல்’ என்பது என் முன்மொழிவு.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. அமுக்கு பிறவினை, அமுங்கு தன்வினை. ‘தலையமுக்கம்’ என்றால் அமுக்கியவர் யார் என்ற கேள்வி கூடவே வரும். ‘அமுங்கல்’ யாரையும் குற்றம் சொல்லாமல், அழுத்தத்தால் ஆனது என்பதை மட்டும் சொல்கிறது. இன்னொன்று, ‘தட்டை’ ஒரு வடிவத்தின் பெயர், அது மாறுமா மாறாதா என்பது அதில் இல்லை. தலையணை அமுங்கும், விட்டால் எழும்பும். அழுத்தத்தை எடுத்தால் தேறும் என்ற நம்பிக்கை இந்த வினையிலேயே இருக்கிறது.

வகைகளுக்கும் சொல் எளிதாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் ‘ஒருபக்கத் தலையமுங்கல்’. பின்மண்டை முழுதும் தட்டையாகித் தலை அகன்றிருந்தால் ‘பின்தலையமுங்கல்’. எலும்புப் பொருத்துகள் முன்கூட்டியே ஒட்டிப்போவதால் தலை வடிவம் மாறுவது முற்றிலும் வேறு. அதற்குப் பல நேரம் அறுவை சிகிச்சை தேவைப்படும். அங்கே ‘அமுங்கல்’ வரவே கூடாது, ‘பொருத்து முன்மூடல்’ என்று தனியே வைக்கலாம்.

இனி, நேற்றைய மடலில் டாக்டர் அம்மா எழுப்பியவை.

> ‘படுக்கைப் புண்’ இருக்கிறது. அதே தடத்தில் ‘படுக்கைத் தட்டை’ என்றால் காரணம் சொல்லிலேயே வந்துவிடுமே?

எனக்கும் முதலில் ஆசை தட்டியது, அம்மா. தமிழ்க் காதுக்குப் பழகிய தடம் அது. ஆனால் இந்தச் சொல் ஆபத்தானது என்று இப்போது நினைக்கிறேன். 1992ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கைக்குழந்தைகளைக் குப்புறத் தூங்கவைக்காதீர்கள் என்றது. 1994ல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் பரப்புரை தொடங்கியது. அதைத் தொடர்ந்து தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தலை தட்டையாகும் குழந்தைகள் கூடியதும் அதன் பிறகுதான். கனடாவின் கால்கரி நகரில் நடந்து 2013ல் வெளிவந்த ஆய்வில், 7 முதல் 12 வார வயதுள்ள 440 குழந்தைகளில் 46.6 சதவீதம் பேருக்கு ஓரளவாவது இது இருந்தது, பெரும்பாலும் லேசாக. ‘படுக்கைத் தட்டை’ என்று படிக்கிற தாய் என்ன செய்வாள்? மல்லாக்கப் படுத்ததால் வந்தது என்று எண்ணி அன்று இரவே பிள்ளையைக் குப்புறப் போட்டுவிடுவாள். தலை வடிவத்துக்காக உயிரைப் பணயம் வைத்ததாகிவிடும். தூக்கம் என்றால் ஒரு வயது வரை மல்லாக்கத்தான். நாம் வைக்கும் சொல் அதற்கு எதிராக ஒரு சொட்டுச் சந்தேகம்கூடக் கிளப்பக் கூடாது. மேலும் கார் இருக்கை, ஊஞ்சல் இருக்கை, சாய்வுக் கூடை என்று தலை சாயும் எல்லா இடத்திலும் இது வரும், படுக்கையில் மட்டும் அல்ல.

(‘கிடைத்தட்டை’ என்று எழுதியவருக்கு: பொருள் சரி. ஆனால் எழுதிப் பார்த்தால் ‘கிடைத்த அட்டை’ என்று கண் படிக்கிறது.)

> அமுங்கல் என்றால் மூளையும் அமுங்கிவிட்டதோ என்று பயப்பட மாட்டார்களா?

இந்தக் கேள்வி என்னை உண்மையாகவே தூங்கவிடவில்லை. நானே அப்படிப் பயந்தவள். ‘தட்டை’ என்றாலும் ‘கோணல்’ என்றாலும் அந்தப் பயம் வரத்தான் செய்யும், சொல்லால் மட்டும் அதைத் தீர்க்க முடியாது. அதனால் கையேட்டில் இந்தச் சொல்லுக்கான பதிவின் முதல் வரியையே இப்படி அமைத்திருக்கிறேன்: ‘மண்டையோட்டின் வெளிவடிவம் மட்டும் மாறுவது; மூளை வளர இடம் குறைவதில்லை.’ இதைவிட நல்ல வரி இருந்தால் தாருங்கள்.

> ‘டம்மி டைம்’ என்பதற்கு ‘வயிற்று நேரம்’ போதாதா?

விழித்திருக்கும் குழந்தையைச் சிறிது நேரம் குப்புறக் கிடத்தும் பயிற்சிதான் ‘டம்மி டைம்’. அதற்கு இது போதாது. ‘வயிற்று நேரம்’ என்றால் பால் கொடுக்கும் நேரம் என்றுதான் நான் புரிந்துகொண்டிருப்பேன். ‘குப்புறப் படுக்கை’ அதைவிட மோசம், தூக்கம் என்றே ஆகிவிடும். பிள்ளைத்தமிழிலிருந்து ‘செங்கீரைப் பொழுது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பிள்ளையை அப்படியே கண்ணில் நிறுத்துகிற சொல், படித்ததும் சிலிர்த்தது. ஆனால் செங்கீரை ஐந்தாம் மாதத்துப் பருவம். இந்தப் பயிற்சியோ பிறந்த சில நாளிலேயே தொடங்க வேண்டியது, நம் மடியிலோ நெஞ்சின் மேலோ இரண்டு மூன்று நிமிடமாக. என் தேர்வு ‘குப்புற விளையாட்டு’. விளையாட்டு என்றால் குழந்தை விழித்திருக்கிறது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற இரண்டும் சொல்லாமலே வந்துவிடும். நகரத் தொடங்காத குழந்தைக்கு நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல தவணையாக, என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. தலையின் பின்பக்கத்துக்கு ஓய்வு, கழுத்துக்கு வலு.

தடுக்கும் வழிகளில் மற்றவற்றுக்குப் புதுச்சொல் வேண்டாம். ‘தலைமாடு கால்மாடு மாற்றுங்கள்’ என்று எழுதிவிட்டேன். நாங்கள் செய்ததும் அதுதான். தொட்டில் நின்ற இடத்திலேயே நின்றது, மகளின் தலைமாட்டை மட்டும் மாற்றினோம். ஜன்னல் இப்போது அவளுக்கு இடப்பக்கம் ஆனது. பால் புகட்டும்போது கையை மாற்றிக்கொள்வது, தோளில் நிமிர்த்தி வைத்திருப்பது, தூங்கிய பின் தலையை மறுபக்கம் மெல்லத் திருப்பிவிடுவது, அவ்வளவுதான். எவ்வளவு திருப்பினாலும் ஒரே பக்கமே போகிறது என்றால் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கலாம். இதற்குக் ‘கழுத்திறுக்கம்’ என்று போட்டிருக்கிறேன். அதை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும். தலை உருண்டையாக என்று விற்கும் பள்ளத் தலையணைகளுக்குப் பெயர்கூட வைக்கப்போவதில்லை. ‘தூங்கும் இடத்தில் தலையணை எதுவும் வேண்டாம்’ என்று ஒரே வரி. 2022ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

ஒரு சொல்லுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. அமுங்கல் மிகுந்தால் சில இடங்களில் மாட்டிவிடும் ஹெல்மெட். ‘தலைக்கவசம்’ என்றால் பாதுகாப்புக்கு என்றாகிவிடும், இது வடிவத்துக்கு. நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் நடந்து 2014ல் வெளிவந்த ஆய்வில், இதைப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வயதில் பெரிய வேறுபாடு இல்லை. இரு தரப்பிலும் முழுமையாகச் சரியானது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். ஆகவே ‘தலைச்சீராக்கி’ போல, கட்டாயம் சீராக்கிவிடும் என்று வாக்குக் கொடுக்கும் சொல் எனக்கு வேண்டாம். ‘வடிவத் தொப்பி’ என்று இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். கையேடு அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.